சாவியின் பல்

தகவல்தொடர்பியல் படிக்கிறவர்கள் எல்லோரும் முதல் பருவத்தில் ஒரு படத்தைப் போட்டே ஆக வேண்டும். இடது ஓரத்தில் ஒரு கட்டம், வலது ஓரத்தில் ஒரு கட்டம், நடுவில் ஓர் அம்புக்குறி. அந்த அம்பின் முதுகில் மேலேயிருந்து வந்து விழுகிற இன்னொரு அம்பு. அனுப்புநர், வழித்தடம், பெறுநர், இரைச்சல். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாட் ஷானன் 1948-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த படம் அது. நாங்களும் போட்டோம், மார்க் வாங்கினோம்.

அதே ஷானன் அடுத்த ஆண்டே, 1949-இல், இன்னொரு கட்டுரை வெளியிட்டார் என்பதை வகுப்பில் யாரும் சொன்னதில்லை. அது செய்தியை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதைப் பற்றியது இல்லை. எப்படிப் பூட்டுவது என்பதைப் பற்றியது. ரகசியக் குறியீடுகளுக்கான கணிதம். பகிர்வதற்கும் மறைப்பதற்கும் அடிப்படை போட்டுக் கொடுத்தது ஒரே ஆள்தான். இது எனக்குத் தெரியவந்தது மூன்றாம் ஆண்டில், அதுவும் நூலகத்தில் இல்லை. எங்கள் தாத்தாவின் பூட்டுப் பட்டறையில் நடந்த ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு எதையோ தேடப் போய், இதில் வந்து நின்றேன்.

*

நான் கல்லூரியில் சேர்ந்தது 2020-இல். அந்த ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸைச் சோதனை முறையில் முதலில் இந்தியாவில்தான் விட்டார்கள். ஆக, பாடப்புத்தகம் கைக்கு வருவதற்கு முன்னாடியே ஆய்வுக்கூடம் கைக்கு வந்துவிட்டது.

கல்லூரி, திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில். வகுப்பில் முப்பத்தாறு பேர். உருப்படியான கேமரா ஒன்று. அதைத் தொடுவதற்கு ஒரு பதிவேடு, அதில் இரண்டு கையெழுத்து. முதல் ஆண்டில் பெரும்பகுதி வகுப்பு கூகுள் மீட்டில் ஓடியது. எங்கள் வீட்டில் மொட்டைமாடித் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் சிக்னல் இரண்டு கோடு காட்டும். ஒளிப்பதிவு என்ற தாளை நான் அந்தத் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துதான் படித்தேன். கேமராவைக் கையில் வாங்கியபோது இரண்டாம் ஆண்டு பாதி போயிருந்தது. அதற்குள் போனில் எழுபது எண்பது வீடியோ எடுத்து முடித்திருந்தேன்.

“எப்பப் பாத்தாலும் போனு” என்று வீட்டில் திட்டு விழும். திட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் போன் கற்றுக்கொடுத்ததையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

முதலில், யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு கோடு இருக்கிறது. நம் வீடியோவைப் பார்க்க வந்தவர்கள் எந்த நொடியில் எழுந்து போனார்கள் என்று காட்டுகிற கோடு. அதைப் போல ஈவு இரக்கமில்லாத வாத்தியாரை நான் பார்த்ததில்லை. “வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம என்ன பாக்கப் போறோம்னா” என்று ஆரம்பித்த இடத்திலேயே கோடு மலைச்சரிவு மாதிரி விழும். எந்த ஆசிரியரும் என் கட்டுரையில் பதினோராவது வரியில் தனக்குத் தூக்கம் வந்தது என்று எழுதித் தந்ததில்லை. கோடு தந்தது. முன்னுரையை வெட்டினேன், கோடு கொஞ்சம் நிமிர்ந்தது.

இரண்டாவது, எழுத்து. ட்விட்டர் என்று பெயர் இருந்த காலத்தில் 280 இடத்துக்குள் செய்தி எழுதிப் பழகச் சொல்லி ஒரு பயிற்சி. அப்போதுதான் ஒன்று கவனித்தேன். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. எந்திரத்துக்கு ஐந்து இடம். மி-யின் மேல்விலங்குக்கு ஒன்று, ழ்-இன் புள்ளிக்கு ஒன்று. தமிழில் எழுதுகிறவள் அதனால் இன்னும் சுருக்கமாக எழுத வேண்டும். பெயரடை ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. ‘மிகவும்’, ‘மாபெரும்’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’ எல்லாம் போனது. செய்தித்தாளில் சேர்ந்தால் துணை ஆசிரியர் கையால் ஆறு மாதத்தில் நடப்பது, புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் வாடகை கொடுத்ததில் நடந்தது.

மூன்றாவது, குரல். எங்கள் அம்மா கொடைக்கானல் பண்பலை கேட்டு வளர்ந்தவர். 100.5 என்று எண்ணைச் சொன்னாலே அவர் முகம் மாறும். மலைமேல் நிலையம் இருந்ததால் அந்தக் குரல் சமவெளி முழுக்க இறங்கி வந்தது. தையல் மிஷினுக்கு மேலே ரேடியோ, கையில் துணி. அவர் என் வீடியோவைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீ எல்லாருக்கும் பேசுற. ரேடியோல எனக்குப் பேசுவாங்க.” மைக் வாங்கக் காசில்லாமல் வாட்ஸாப்பில் ஒரே ஆளுக்குக் குரல்செய்தி அனுப்புகிற மாதிரி பதிவு செய்து பார்த்தேன். நூறு பேருக்கு அனுப்பினாலும் ஒரு சித்தியை நினைத்துக்கொண்டு பேச வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறேன்.

நான்காவது, பார்க்கப் பழகியது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு குடும்பம் 2018-இல் ஆரம்பித்த ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனலானது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அதைக் கிண்டலடித்தார்கள். நான் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஷாட் ஷாட்டாக எழுதினேன். வாய்க்கால் சத்தம், அம்மியில் அரைக்கிற சத்தம், எண்ணெய் காய்கிற சத்தம். போடுகிற பொருளின் பெயரை உரக்கச் சொல்வார்கள். பாஷை தெரியாதவனும் மஞ்சளைப் பார்த்து மஞ்சள் என்ற சொல்லைக் கற்றுக்கொள்வான். விளக்கவுரை கிடையாது. வயக்காட்டு ஆட்கள் யாரும் ‘ஒலி வடிவமைப்பு’ என்ற தாளை எழுதித் தேறவில்லை.

*

இதெல்லாம் திறமை. ஆனால் திறமைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி உட்கார்ந்திருந்தது. அது நான் கல்லூரிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது.

2019 அக்டோபர் 25. மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தான். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி ரோட்டில் போகிற தூரம்தான். 27-ஆம் தேதி தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு நடுவே டிவியிலும் போனிலும் இரவும் பகலும் நேரலை. 29-ஆம் தேதி விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அப்போது நான் ப்ளஸ் டூ. எல்லோரையும் போல நானும் அந்தக் குழியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஊடக அறம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் கேட்டார்: “நாலு நாள் பாத்தீங்களே, என்ன தெரிஞ்சுகிட்டீங்க?” பாறை இறுகியது என்றான் ஒருவன். எந்திரம் பழுதானது என்றாள் ஒருத்தி. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை எப்படி மூட வேண்டும், மூடாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டபோது வகுப்பில் சத்தமில்லை. “காட்டினாங்க. சொல்லல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார். செயலிகள் நமக்குத் தருவது காட்டுகிற திறமை. அதிலேயே ஊறிக் கிடந்தால், காட்டிவிட்டோம் என்பதாலேயே சொல்லிவிட்டோம் என்று மனம் நம்பிவிடும்.

*

மூன்றாம் ஆண்டில் ஆவணப்படம் கட்டாயம். நான் எங்கள் தாத்தாவை எடுக்க முடிவு செய்தேன். அம்மாவுக்குச் சித்தப்பா. நாகல் நகர்ப் பக்கம் ஒரு வீட்டின் முன்கூடம்தான் பட்டறை. எழுபதைத் தாண்டிவிட்டார். மாங்காய்ப் பூட்டும் கதவுப் பூட்டும் செய்வார். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது யாரோ அவரிடம் வந்து வாழ்த்துச் சொன்னார்களாம். “குறியீடு வந்துச்சு. ஆளு வரல” என்பார். அலிகாரிலிருந்து வருகிற பூட்டின் விலைக்கு இவர் தகடு வாங்கி, கூலி போட்டுச் செய்ய முடியாது. கற்றுக்கொள்ளப் பையன்களும் வருவதில்லை; மில்லுக்குப் போகிறார்கள், இல்லை திருப்பூருக்கு.

அவருடைய பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை அறுபது நொடியில் சொல்ல வேண்டும் என்பது நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பயிற்சி. ஆவணப்படத்துக்கு முன்னோட்டமாக ஒரு ரீல். உள்ளே நாலைந்து தகட்டு லீவர்கள் அடுக்கி இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வெட்டுப் பள்ளம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு உயரத்தில். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்கான லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் பள்ளங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் தாழ் நகர வழி கிடைக்கும். ஒரு லீவர் மயிரிழை தாழ்ந்தாலும் திறக்காது. கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. இதைச் சொல்லாமல் காட்டுவதற்கு அட்டையில் ஐந்து லீவர் வெட்டி, கலர் அடித்து, பேப்பர் கிளிப்பில் ஸ்பிரிங் செய்தேன். தாத்தா அதைப் பார்த்துச் சிரித்தார். “பள்ளிக்கூடத்துப் பிள்ளைக செஞ்ச கடிகாரம் மாதிரி இருக்கு” என்றவர், பிறகு உட்கார்ந்து மூன்றாவது லீவரைத் தானே திருத்திக் கொடுத்தார்.

அரத்தால் ராவுகிற சத்தம், ரிவிட் அடிக்கிற சத்தம், பூட்டு விழுகிற அந்த ‘ளக்’. எல்லாம் எடுத்தாயிற்று. கடைசியாகச் சாவியை உள்ளங்கையில் வைத்துக் கிட்டத்தில் ஒரு ஷாட். அந்த நேரத்தில் தாத்தா கையை மூடிக்கொண்டார்.

“சாவியோட பல்லக் காட்டாத தாயி.”

“மாதிரிக்கு ஒரு சாவிதான தாத்தா?”

“மாதிரியெல்லாம் கெடையாது. இது வாங்குனவரு வீட்டுச் சாவி. உள்ள எப்பிடி இருக்குன்னு யாரு வேணாலும் பாக்கட்டும், பிரிச்சே போட்டுக் காட்டுறேன். பல்ல மட்டும் பாக்கக் கூடாது. பாத்தாய்ங்கன்னா முடிஞ்சுச்சு.”

ஃபோட்டோவைப் பார்த்து யார் சாவி செய்யப் போகிறார்கள் என்று நான் விடாமல் வாதாடினேன். “நான் செய்வேன்” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அந்த ஷாட் எடுக்கவில்லை. சாவி அவர் விரல்களுக்குள்ளேயே போய்ப் பூட்டுக்குள் நுழைகிற மாதிரி எடுத்தோம்.

வீட்டுக்கு வந்து தேடினேன். 2008-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலாளர்கள் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். கட்டடத்தின் மேலிருந்து, ஏறக்குறைய 200 அடி தள்ளி மேசையில் கிடந்த சாவிக்கொத்தைப் படம் எடுத்து, அதிலிருந்து வெட்டுகளைக் கணக்கிட்டு மாற்றுச் சாவிக்கான அளவை எடுத்திருக்கிறார்கள். அங்கேயிருந்து இன்னொரு பெயருக்குப் போனேன். 1883-இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் ராணுவ ரகசியக் குறியீடுகளுக்கு ஒரு விதி சொன்னார்: எந்திரம் எதிரியின் கையில் கிடைத்தாலும் கெடுதல் வரக் கூடாது, ரகசியமெல்லாம் சாவியில்தான் இருக்க வேண்டும். அதையேதான் ஷானனும் 1949-இல் எடுத்துக்கொண்டார்: அமைப்பு எதிரிக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பி. வாட்ஸாப்பில் நம் செய்திகளைப் பூட்டுகிற முறையும் ஒளிவுமறைவில்லாமல் வெளியிடப்பட்ட ஒன்றுதான். சாவி மட்டும் அவரவர் போனில்.

அரம் பிடிக்கிற கைக்கு இந்த விதி எந்தக் கட்டுரையும் இல்லாமல் தெரிந்திருக்கிறது. மறைப்பதையே தொழிலாகக் கொண்டவர், காட்டுவதையே தொழிலாக எடுத்துப் படிக்கிறவளிடம், எதைக் காட்டலாம் எதைக் காட்டக் கூடாது என்பதற்கு ஒரு கோடு கிழித்துக் கொடுத்துவிட்டார். எந்திரத்தைத் திற. சாவியை மூடு.

*

இந்தக் கோடு எனக்குப் பூட்டு வீடியோவை விட வேறொரு இடத்தில்தான் அதிகம் உதவியது.

எங்கள் வகுப்பில் பெண்கள் பத்தொன்பது பேர். பொதுவில் திறந்த கணக்கு வைத்திருந்தவர்கள் நான்கு பேர். மற்ற எல்லோருடைய பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிப் பூட்டு. 2020 மே மாதம் ஃபேஸ்புக் இந்தியாவில் சுயவிவரத்தைப் பூட்டிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தபோது, பெண்களை மனதில் வைத்தே கொண்டுவருவதாகச் சொன்னது. 2023 மே மாதம் வாட்ஸாப்பில் தனி உரையாடலையே பூட்டும் வசதி வந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிள்ளைகள் எல்லாம் திரையில் பூட்டோடு திரிந்தார்கள்.

வேடிக்கை இல்லை இது. பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்தால் முதல் கேள்வி, “உங்க வேலைக்கு லிங்க் இருக்கா?” பூட்டிய கணக்குக்கு லிங்க் கிடையாது. வகுப்பில் எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் படத்தொகுப்பு செய்கிற ஒரு தோழி இருந்தாள். வத்தலக்குண்டுப் பக்கம். அவளுக்கு வீட்டில் ஒரே கட்டளை: மூஞ்சி தெரியக் கூடாது, குரல் கேட்கக் கூடாது. அவள் வேலையைப் பார்த்தவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். பையன்கள் கல்லூரி வாசலில் ஆடியதையே கோத்து லிங்க் அனுப்பினார்கள். அவர்களுக்கு வேலை கிடைத்தது.

‘பயத்தை விடு, கணக்கைத் திற’ என்று சொல்வது சுலபம். ஊர் அப்படி இல்லை. பெண்பிள்ளை படம் எங்கே போகிறது, யார் கையில் எப்படி மாறுகிறது என்ற பயம் கற்பனைப் பயம் இல்லை. ஆனால் முழுக்கப் பூட்டினால் மூன்று வருடப் படிப்பும் உள்ளேயே துருப்பிடிக்கும். நானும் அவளும் உட்கார்ந்து தாத்தாவின் கணக்கைப் போட்டோம். எது எந்திரம், எது பல்? நான் எப்படிச் சட்டகம் வைக்கிறேன், எப்படி வெட்டுகிறேன், எப்படி ஒரு கதையைக் கேட்டு வாங்குகிறேன் என்பது எந்திரம்; அதை உலகமே பார்க்கட்டும். எங்கள் தெரு, நான் ஏறுகிற பஸ், அது வருகிற நேரம், அடையாள அட்டை, தங்கச்சியின் பள்ளிச் சீருடை: இதெல்லாம் பல். எடுத்த அன்றைக்கே போடாமல் இரண்டு நாள் தள்ளிப் போடுவது, வீட்டு வாசலைச் சட்டகத்தில் விடாதது, கையும் வேலையும் மட்டும் தெரிகிற மாதிரி எடுப்பது என்று ஒரு பக்கத்துக்கு எழுதினோம். அவள் அந்தத் தாளை அவள் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். தன் பெயரில்லாமல், நிலக்கோட்டைப் பூச்சந்தையைப் பற்றி ஒரு பக்கம் ஆரம்பித்தாள். விடியற்காலை மல்லிகையை எடை போடுகிற கைகள் மட்டும். முகம் ஒன்றுகூட இல்லை. இப்போது அதுதான் அவளுக்கு லிங்க்.

முழு விடுதலை என்று சொல்ல மாட்டேன். அவளுடைய பெயரும் பூட்டுக்குள்தான் இருக்கிறது. அது எந்திரத்தில் சேர்த்தியா, பல்லில் சேர்த்தியா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு. அவள் எந்திரம் என்கிறாள். அவள் அப்பா பல் என்கிறார்.

*

தாத்தாவின் ரீலை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. வாரத்துக்குள் நாற்பத்து மூன்று பேர் பூட்டு வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். விலையைச் சொன்னதும் முப்பதுக்கு மேல் பேசாமல் போனார்கள். 1,400 ரூபாய்ப் பூட்டுக்குப் பக்கத்தில் 250 ரூபாய்ப் பூட்டின் படத்தைப் போட்டுக் காரணம் கேட்டார் ஒருவர். மிச்சம் ஒன்பது பேர். ஒன்பது பூட்டுச் செய்யத் தாத்தாவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கண் மங்கல், கை நடுக்கம், நடுவில் கரண்ட் கட். ஏழாவது ஆள், “ரெண்டு நாள்ல வரும்னு நெனச்சேன்” என்று பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டோம். செயலி கூட்டத்தை நொடியில் கூட்டும். அரம் அதன் வேகத்தில்தான் ராவும். இரண்டுக்கும் நடுவில் நின்று, ‘இது இவ்வளவு நாள் ஆகும், அதனால்தான் இந்த விலை’ என்று முதலிலேயே புரியவைப்பதும் தகவல்தொடர்பாளரின் வேலைதான். எந்தக் கோடும் அதைச் சொல்லித் தரவில்லை. அடுத்த வீடியோவில் அதையே முதல் வரியாக வைத்தேன்.

முழு ஆவணப்படம் இருபத்திரண்டு நிமிடம். அதை இதுவரை நானூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நாலாவது நிமிடத்தில் தாத்தா பேசாமல் ஒரு லீவரை ராவிக்கொண்டே இருப்பார், ஒன்றரை நிமிடம். கோடு அந்த இடத்தில் செங்குத்தாக விழுகிறது. வெட்டச் சொல்லி நண்பர்கள் சொன்னார்கள். நான் வெட்டவில்லை. அந்தக் கோட்டிடம் பாடம் படித்தவள்தான் நான். அதற்காக அது சொல்கிற எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. திருப்பூரிலிருந்து ஒருவர் அந்த ஒன்றரை நிமிடத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார். அவருடைய அப்பாவும் பூட்டுத்தொழிலாளியாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு இருபது வருடம் ஆகிறதாம்.

தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். பட்டறைச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. “என்னவாம்? பூட்டு வேணுமாமா?” என்று கேட்டார். இல்லை தாத்தா, சும்மா பார்த்தாராம் என்றேன்.

“பாக்கட்டும்” என்றார்.